கரையைக் கடந்த பின்: திண்டுக்கல் சமவெளியும் இரு நவம்பர்ப் புயல்களும்

பழந்தமிழ் நூல்களில் ‘புயல்’ என்னும் சொல் பெரும்பாலும் முகிலைக் குறித்தது. முகில் தரும் மழையையும் குறித்தது. கடுங்காற்றைச் சுட்டுவதற்கு வளி, சூறை முதலான வேறு சொற்கள் இருந்தன. காற்றும் மழையும் ஒன்றாய்ச் சுழன்று கடலினின்று எழுந்து வரும் பேரிடரைப் புயல் என வழங்குதல் பிற்கால வழக்காகும். கடற்கரை ஊர்களுக்கு இப்பிற்காலப் பொருளே போதும். திண்டுக்கல் போன்ற உள்நாட்டு ஊருக்கோ இரு பொருளும் ஒருசேரப் பொருந்துகின்றன. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பேர்போன இவ்வூருக்கு ஐப்பசி, கார்த்திகைப் புயல் என்பது முதற்கண் குளம் நிரப்ப வரும் முகில். அம்முகிலே ஒரு நாள் ஆற்றை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தவும் கூடும். இவ்விரு பொருளுக்கும் இடையே நின்று ஒரு நகரம் புயலுக்கு எவ்வாறு ஆயத்தமாகிறது, அல்லது ஆயத்தமாகத் தவறுகிறது என்பது தமிழக வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பக்கமாகும்.

நாகப்பட்டினம், வேதாரணியம் கடற்கரையிலிருந்து திண்டுக்கல் நேர்மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மேற்கே பழனிமலைத் தொடர், தென்கிழக்கே சிறுமலை, நடுவே சமவெளி, அச்சமவெளியின் நடுவே கோட்டை தாங்கிய ஒற்றைப் பாறை என்பது இவ்வூரின் அமைப்பு. பழனிமலையின் கீழ்ச்சரிவுகளில், பன்றிமலை, ஆடலூர்ப் பகுதிகளில் பிறக்கும் குடகனாறு ஆத்தூர் வழியாக இறங்கி, திண்டுக்கல்லின் மேற்புறமாக வடக்கு நோக்கிச் சென்று, தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலைத் தொட்டு, வேடசந்தூரைக் கடந்து, கரூர்ப் பகுதியில் அமராவதியோடு கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு இது. நகரின் கழிவுநீரும் தோல் பதனிடும் சாலைகளின் கழிவும் இதன் போக்கை வெகுகாலம் கெடுத்துள்ளன. இதை ஆறு என்று நினைவுகூர்வோர் குறைந்துபோனதில் வியப்பில்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இச்சமவெளியைக் கடந்து மலைச்சுவரில் மோதி மேலெழும்போதுதான் பெருமழை பிறக்கிறது. ஆகவே இவ்வூருக்குப் புயல் கிழக்கிலிருந்து வந்தாலும், அதன் வெள்ளம் மேற்கிலிருந்து வருகிறது. முதுகுப்புறமாக வரும் இடரை எதிர்நோக்கிக் காத்திருத்தல் எவருக்கும் எளிதன்று.

இந்திய நாட்டில் புயலறிவிப்பு முறை துறைமுகங்களுக்காகவே தோன்றியது. 1864ஆம் ஆண்டின் பெரும்புயல் கல்கத்தாவை அழித்ததை அடுத்து, 1865இல் அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கப்பெற்றது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்றது. பகலில் கூண்டும் இரவில் விளக்கும் ஏற்றி, ஒன்று முதல் பதினொன்று வரையிலான எண்களால் மாலுமிகளுக்குச் செய்தி சொல்லும் வழக்கம் நிலைபெற்றது. இன்றும் வானொலியிலும் நாளிதழிலும் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்னும் தொடரைத் தமிழர் அனைவரும் அறிவர். கப்பலுக்குச் சொன்ன மொழியே பின்னர்க் கரைக்குச் சொல்லும் மொழியாயிற்று. 1866 முதல் நகராட்சியாக விளங்கிய திண்டுக்கல்லில் துறைமுகம் இல்லை, கூண்டும் இல்லை. இம்மொழியின் மற்றொரு தொடர் ‘புயல் கரையைக் கடந்தது’ என்பது. மீனவனுக்கும் கடற்கரை உழவனுக்கும் அத்தொடர் இடரின் முடிவை அறிவிக்கிறது. அதைத் தொடர்ந்து வரும் ‘வலுவிழந்தது’ என்னும் சொல் ஆறுதலும் தருகிறது. திண்டுக்கல்லின் நிலையிலிருந்து நோக்கினால், கரையைக் கடந்த பின்னர்தான் புயல் புறப்படுகிறது. வலுவிழந்த பின்னர்தான் வந்து சேர்கிறது. கேட்போர் கதவைத் திறந்து வெளியே வரும் வேளை அது.

1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அதிகாலை ஒரு கடும்புயல் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையேறியது. மேற்கு நோக்கித் தமிழகத்தின் குறுக்கே சென்று, மறுநாள் கேரளக் கரை வழியாக அரபிக்கடலில் இறங்கிற்று. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகள் சிதைந்தன. கோரையாறும் குடமுருட்டியும் உய்யகொண்டானும் பெருகித் திருச்சி நகருக்குள் புகுந்தன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; பத்து லட்சம் பேர் வீடிழந்தனர் என்பது அரசுக் கணக்கு.

அன்றைய ஆட்சியமைப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். அந்நாளில் அது மதுரை மாவட்டத்தின் ஒரு கோட்டம். மாவட்ட ஆட்சியர் இருந்தது மதுரையில். எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு பொறுப்பேற்று ஐந்து மாதங்கள்கூட நிறைவடையவில்லை. நகராட்சித் தேர்தல்கள் நடைபெற்றுப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த தேர்தல் 1986 பிப்ரவரியில்தான் நடைபெற்றது. ஊர்ப்புறங்களில் கிராம முன்சீப்பும் கர்ணமும் தலையாரியும் இருந்தனர். அப்பரம்பரைப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பெற்றன. செய்தி வரும் வழி தந்தியும் தொலைபேசியும் வானொலியும். செய்தி பரவும் வழி தண்டோரா. இந்தியாவுக்கென்று சொந்த வானிலைத் துணைக்கோள் 1980களில்தான் வாய்த்தது. இத்தனை குறைகளிடையேயும் புயலறிவிப்பு வந்தது; ஆயினும் அது கரைக்கு வந்த அறிவிப்பு. பழனிமலையில் எத்தனை அங்குலம் பெய்யும், குடகனாற்றில் எவ்வளவு நீர் இறங்கும் என்பதைச் சொல்லும் அறிவிப்பு அந்நாளைய முறையில் இடம்பெறவில்லை.

வேடசந்தூரை அடுத்த அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே கட்டப்பெற்ற அணை ஒன்று இருந்தது. மண் அணை. ஆற்றுப்படுகைக்கு மேல் 11.45 மீட்டர் உயரம். ஆழமான அடித்தளத்திலிருந்து அளந்தால் 15.75 மீட்டர். கொள்ளளவு 1.23 கோடி கன மீட்டர், உழவர் கணக்கில் 434 மில்லியன் கன அடி. வெள்ளநீரை வெளியேற்ற, செங்குத்தாக மேலே தூக்கும் ஐந்து ஷட்டர்கள், ஒவ்வொன்றும் 3.05 மீட்டர் அகலம். நொடிக்கு 1,275 கன மீட்டர் வெள்ளம் வந்தாலும் தாங்கும் என்பது பொறியாளர் வகுத்த அளவு. உச்ச நீர்மட்டத்துக்கு மேலும் இரண்டரை மீட்டர் கரை விட்டிருந்தனர். ஆண்டில் பாதி நாள் மணலோடும் ஓர் ஆற்றுக்கு இது தாராளமான ஏற்பாடு என்றே எவரும் கருதியிருப்பர்.

1977 நவம்பர் வெள்ளத்தில் அணைக் காவலர் தம் கடமையில் தவறவில்லை என்பதைப் பொறியியற் குறிப்புகள் தெளிவாகப் பதிந்துள்ளன. உரிய நேரத்தில் ஷட்டர்களை இயக்கத் தொடங்கினர். ஷட்டர்கள் ஓரளவு உயர்ந்த நிலையில் மின்சாரம் நின்றுவிட்டது. மாற்று ஏற்பாடாக வைத்திருந்த ஜெனரேட்டரை விரைந்து இயக்கினர், அதுவும் கைகொடுக்கவில்லை. பின்னர்க் கையால் சுழற்றித் தூக்க முற்பட்டனர். மோட்டார் தூக்க வேண்டிய இரும்புக் கதவை மனிதக் கை சிறிது சிறிதாகவே உயர்த்த முடியும். நீரோ அங்குலம் அங்குலமாகக் காத்திருக்கவில்லை. கொட்டும் மழையில், சுழற்றியைப் பிடித்த கைகளுக்கும் ஏறிவரும் நீருக்கும் நடந்த அப்போட்டியில் நீர் வென்றது.

கல்லணையின் மேல் நீர் வழிந்தால் அது அருவியாய் விழுந்து போகும். மண்ணணையின் மேல் வழிந்தால் பின்சரிவின் மண்ணை அறுத்துக்கொண்டே இறங்கும். அறுபட்ட இடத்தில் நீர் மேலும் விரையும். விரைந்த நீர் மேலும் அறுக்கும். குடகனாற்று அணையில் அவ்வாறே நிகழ்ந்தது. ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் கரை உடைந்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை நீண்ட உடைப்புகள் காணப்பட்டன. அணை முழுவதுமே நீருக்குள் மூழ்கி உடைந்ததுபோல் தோன்றிற்று என்று பின்னர் ஆராய்ந்தோர் குறித்தனர். தேக்கி வைத்த நீரும் வந்துகொண்டிருந்த நீரும் சேர்ந்து கீழ்ப்புறத்து ஊர்களை நோக்கிப் பாய்ந்தன.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அணை உறுதியற்று உடையவில்லை. ஆட்கள் அசட்டையாய் இருந்து உடையவில்லை. மின்கம்பி காற்றில் அறுந்தால் ஷட்டர் உயராது என்னும் எளிய தொடர்பை ஏற்பாடுகள் கருத்தில் கொள்ளாமையே காரணம். வெள்ளத்துக்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது, காற்றுக்கென்று ஓர் எச்சரிக்கை இருந்தது. இரண்டும் ஒரே இரவில் வரும் என்பதற்கு மட்டும் ஏற்பாடு இல்லை. புயல் என்பதன் இலக்கணமே இரண்டும் சேர்ந்து வருதல் அல்லவா?

இத்தகைய துன்பம் இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பிக் கரையில் ஏறிய கமில் என்னும் புயல், வலுவிழந்ததாகக் கருதப்பட்டு, இரு நாள் கழித்து வர்ஜீனியா மாநிலத்து மலைச்சரிவில் ஒரே இரவில் பெருமழை கொட்டிற்று. நெல்சன் என்னும் உள்நாட்டு மாவட்டத்தில் உறக்கத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1975 ஆகஸ்டில் சீனத்தின் ஹெனான் மாநிலத்தில், கரையேறி உள்நாடு புகுந்த புயலின் மழையால் பான்சியாவ் அணையும் அதனைச் சார்ந்த பல அணைகளும் உடைந்து பல்லாயிரவர் மடிந்தனர். அச்செய்தியைச் சீன அரசு நெடுங்காலம் வெளியிடவில்லை. குடகனாறு உடைவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் நேர்ந்த அப்பாடம் உரிய காலத்தில் உலகுக்குக் கிட்டாமற் போயிற்று.

குடகனாற்றுச் செய்தியை எவரும் மறைக்கவில்லை. அது வேறு வகையில் மறைந்தது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19ஆம் நாள், மற்றொரு புயல் ஆந்திரக் கரையைத் தாக்கிற்று. கிருஷ்ணை ஆற்றின் கழிமுகத்தில் திவிசீமைப் பகுதியைக் கடலலை விழுங்கியது. பத்தாயிரம் பேர் இறந்தனர் என்று அரசே கூறியது. நாட்டின் கண்ணும் இரங்கற் சொல்லும் அங்குத் திரும்பியது இயல்பே. ‘1977 புயல்’ என்றால் இன்றும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது அதுவே. தமிழகத்தின் புயல் நினைவுகளிலும் 1964 டிசம்பரில் அழிந்த தனுஷ்கோடிக்கு இருக்கும் இடம் வேடசந்தூருக்கு இல்லை. கடல் கொண்ட ஊர் என்னும் படிமம் புகார் அழிந்த கதையைச் சொல்லும் மணிமேகலைக் காலத்திலிருந்தே தமிழ் மனத்தில் உறைந்த ஒன்று. ஆறு கொண்ட ஊருக்கு அத்தகைய காவியப் பேறு வாய்க்கவில்லை.

பெயரின்மையும் ஒரு காரணம் எனலாம். வங்கக்கடற் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. அதற்கு முன் வந்தவை ஆண்டாலும் ஊராலும் மட்டுமே அறியப்பட்டன. பெயரற்றதை நினைவில் நிறுத்தும் பணியைப் பாட்டுத்தான் செய்தாக வேண்டும். தமிழில் அதற்கு மரபு உண்டு. பஞ்சக் கும்மியும் வெள்ளச் சிந்தும் புயற்காற்றுப் பாட்டும் மலிவு அச்சில் சந்தைதோறும் விற்பனையாயின. கற்றோர் அவற்றை இலக்கியமாக மதித்திலர். ஆயினும் எந்த ஊரில் எந்தக் கரை உடைந்தது என்பதை அவை பதிந்தன. பாரதியார் புதுவையில் இருந்தபோது வீசிய புயலைப் பாடிய பாடலின் தலைப்பிலேயே ‘நள’ ஆண்டையும் கார்த்திகைத் திங்களின் நாளையும் கிழமையையும் இரவுப்பொழுதையும் குறித்துள்ளார். அது 1916ஆம் ஆண்டு நவம்பர். பெருங்கவிஞர் ஒருவர் கிராமக் கர்ணம்போல் நாள் குறித்து எழுதியதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம். புயலுக்குத் தப்பிய தென்னந்தோப்பு ஒன்றையும் அவர் தனிப் பாடலாக்கியுள்ளார். சேதக் கணக்கில் விழுந்த மரங்களே இடம்பெறும். நின்ற மரங்களைக் கவிதைதான் எண்ண முடியும்.

நாற்பத்தோராண்டுகள் கழித்து வந்த புயலுக்குப் பெயர் இருந்தது. இலங்கை அளித்த பெயர், ‘கஜா’, வடமொழியில் யானை. 2018 நவம்பரில் வங்கக்கடலில் உருவான அப்புயலின் பாதை முதலில் வடக்கே குறிக்கப்பட்டு, பின்னர்க் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே எனத் தெளிந்தது. நாள்தோறும், பின்னர் மணிதோறும் அறிவிப்புகள் வந்தன. கடலோர மாவட்டங்களில் 80,000க்கும் மேற்பட்டோர் முன்னரே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இவ்வகையில் 1977க்கும் 2018க்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. 2004 ஆழிப்பேரலையின் பின்னர், 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பெற்றது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஆணையமும், 1077 என்னும் எண்ணுடைய கட்டுப்பாட்டு அறையும் அமைந்தன. திண்டுக்கல்லும் 2014இல் மாநகராட்சியாக உயர்ந்துவிட்டது.

நவம்பர் 16 அன்று நள்ளிரவு கடந்து, நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்த காற்று. விடிந்தபின் அது ‘ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது’ என்னும் அறிவிப்பு வந்தது. அச்சொற்றொடருக்கு வானிலைத் துறை வகுத்த பொருள் மணிக்கு 50 முதல் 60 கிலோமீட்டர் வரை வீசும் காற்று. வாழைத் தோட்டத்துக்கும் பழைய புளியமரத்துக்கும் ஓட்டு வீட்டுக்கும் அது வலுவிழந்த காற்றன்று. கரையிலிருந்து திண்டுக்கல்லை எட்டப் புயல் எடுத்துக்கொள்ளும் சில மணி நேரமே உள்நாட்டு நகரத்துக்குக் கிடைக்கும் கடைசி அவகாசம். அதிலும் பாதி இருளில் கழிந்தது. டெல்டா மாவட்டங்களின் அழிவோடு ஒப்பிடத் திண்டுக்கல்லின் இழப்பு சிறிது. இருப்பினும் அரசின் பாதிக்கப்பட்ட மாவட்டப் பட்டியலில் திண்டுக்கல்லும் இடம்பெற்றது. கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் சாய்ந்து போக்குவரத்து அறுந்தது. மலையில் மண்சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மாநிலம் முழுவதும் விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இத்தகைய வேளையில் மாநகராட்சிக்கு உரிய பணிகள் கேட்பதற்குக் கவர்ச்சியற்றவை. மழைநீர் வடிகாலின் அடைப்பை அகற்றுதல், சாலையோர மரங்களின் கிளையைக் கழித்தல், விளம்பரப் பலகைகளை இறக்குதல், மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் நிரப்பி வைத்தல், சமுதாயக் கூடங்களைத் திறந்து வைத்தல், குளோரின் இருப்பைச் சரிபார்த்தல் என்று அவை நீளும். கோபாலசமுத்திரம், கோட்டைக்குளம் போன்ற ஊர்க் குளங்களுக்கு வரும் வழியும் போகும் வழியும் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பது இவற்றுள் பழமையானது. அதைப் பார்த்துச் சொல்ல முற்காலத்தில் நீர்பாய்ச்சி என்றொருவர் ஊருக்கு ஊர் இருந்தார். அவ்வறிவு எந்தக் கோப்பிலும் ஏறாமலேயே போய்விட்டது. இன்னொரு பணி மின்சாரம் பற்றியது. நகரின் குடிநீரில் ஒரு பகுதி ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. வைகையின் பேரணையிலிருந்தும் காவிரியிலிருந்தும் வரும் நீரோ மோட்டார்களால் ஏற்றப்படுவது. மின்கம்பம் சாய்ந்தால் 1977இல் ஷட்டர் மேலே ஏறவில்லை. 2018இல் குடிநீர் மேலே ஏறாது. அன்று அதிகமான நீர், இன்று இல்லாத நீர் என்பதே வேறுபாடு. மழை கொட்டும் நாளில் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் காட்சி இதனால் நேர்வது.

இவற்றையெல்லாம் செய்வதற்கு அலுவலர் இருந்தனர், மன்றம் இல்லை. தமிழக உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 வரை நடைபெறவில்லை. ஆகவே கஜா வந்த இரவில், 2011 கணக்குப்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த இம்மாநகரின் 48 வார்டுகளில் ஒன்றிலேனும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லை. எந்தச் சந்தில் எந்த மூதாட்டி தனியே இருக்கிறாள், எந்தச் சுவர் சென்ற மழையிலேயே விரிசல் விட்டது என்பன ஆணையரின் மேசைக்கு வாரா. வார்டு உறுப்பினர் வீட்டுத் திண்ணைக்கு அவை வந்து சேரும். திறமையுள்ள அதிகாரி ஒருவர் நன்கு நடத்திச் செல்லலாம் என்பது உண்மையே. எனினும் 1977, 2018 என்னும் இரு நவம்பர்களிலும் மக்கள் அண்மையில் தேர்ந்த நகர்மன்றம் இவ்வூரில் இல்லாமற் போனதை வெறும் தற்செயல் என்று தள்ளிவிடுதல் தகாது. தேர்தலை ஒத்திவைப்போர் கணக்கில் புயற்காலம் இடம்பெறுவதே இல்லை.

இந்நகரின் மற்றோர் இடர்ப்பாடு மனத்தைச் சார்ந்தது. வறண்ட ஊரில் மழையை அஞ்சச் சொல்லி எவரும் கேட்பதில்லை. குளத்தில் நீர் ஏறும்போது கரையில் கூடுவோர் வேடிக்கை பார்க்க வந்தவர். தப்பி ஓட வந்தவரல்லர். அணை நிரம்பினால் பூத்தூவி வரவேற்கும் நாட்டில், நிரம்புமுன் திறந்துவிடு என்று சொல்லும் அதிகாரி உழவரின் ஏச்சுக்கு ஆளாவார். திறக்கத் தாமதித்தாலோ கீழூரின் சாவுக்கு விடை சொல்ல வேண்டும். நகரத்தில் வடியும் நீர் குடகனாற்றில் சேர்கிறது. நகரின் எல்லை வரைபடத்தில் முடிகிறது. நீர் அங்கே முடியாமல் தாடிக்கொம்பையும் வேடசந்தூரையும் தேடிப் போகிறது. மாநகராட்சியின் ஆயத்தம் எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவு விரைவாக அடுத்த ஊருக்கு நீர் போய்ச் சேரும் என்னும் முரணை எந்தத் திட்ட நூலும் தீர்த்துவைத்ததாகத் தெரியவில்லை.

அழகாபுரி அணை பின்னாளில் மீண்டும் கட்டப்பெற்றது. உடைந்த அணையின் கதை இந்தியாவின் அணை உடைப்புகளைத் தொகுத்த ஆங்கிலப் பொறியியற் கட்டுரைகளில் சில வரிகளாக வாழ்கிறது. 1979இல் குஜராத்தின் மோர்வி நகரை அழித்த மச்சு அணையை விவரிக்கும் பகுதிக்கு அருகே அது வருகிறது. அணையின் உயரம், கொள்ளளவு, ஷட்டரின் அகலம், உடைப்பின் நீளம், மின்சாரம் நின்றது, கையால் சுழற்றியது எல்லாம் அதில் உண்டு. ஆற்றின் பெயர் ‘கொடகனார்’ எனத் திரிந்து நிற்கிறது. சுழற்றியைப் பிடித்தவர்களின் பெயர்களோ, நீர் சென்று சேர்ந்த ஊர்களின் பெயர்களோ அவ்வரிகளில் இல்லை.